சர்வரின் முகவரியைச் சர்வரிடமே கேட்பது

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் எல்லை வரை உள்ள தேங்காய் மண்டிகளிலும் மொத்த மளிகைக் கடைகளிலும் நான் பார்த்துவரும் கணினிகள் பலவற்றில், பில் போடும் மென்பொருளுக்கு அடியில் எஸ்க்யூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ் மென்பொருளின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்புதான் ஓடிக்கொண்டிருக்கிறது. எடைமேடைக்குப் பக்கத்தில் இரண்டாவது கணினி ஒன்றை வைக்கலாம் என்று முதலாளி முடிவு செய்யும்போதுதான், சர்வரின் பெயர் என்ன, எந்த போர்ட் (இணைப்புகளுக்காகச் சர்வர் காத்திருக்கும் வாசல் எண்) என்ற கேள்விகள் எழும். நிறுவியவரோ அதற்குள் ஊரை விட்டுப் போயிருப்பார். ஒரு மண்டிக்காரர் என்னிடம் கேட்டது நியாயமான கேள்வி: "ஏனுங்க தம்பி, சர்வர் இந்தப் பொட்டிக்குள்ளதானுங்க இருக்குது, அதோட அட்ரஸ் அதுக்கே தெரியாதுங்களா?"

தெரியும். ஆனால் நாம் எந்த வழியாக உள்ளே நுழைந்து கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே அது பதில் சொல்லும்.

பெயரைக் கேட்க, குவெரியில் (சர்வரிடம் கேள்வி கேட்கும் கட்டளை) இரண்டு அட் (@) குறிகளை முன்னே இட்டு 'சர்வர்நேம்' என்பதை செலக்ட் செய்வதே பலரின் வழக்கம். விண்டோஸில் கணினியின் பெயரை மாற்றிய பின்னும், சர்வருக்குள் முறைப்படி மாற்றாதவரை, அது பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் 'சர்வர்ப்ராப்பர்ட்டி' ஃபங்ஷனில் 'மெஷின்நேம்' (கணினியின் பெயர்), 'இன்ஸ்டன்ஸ்நேம்' (அந்தக் கணினியில் நிறுவிய சர்வர் பிரதியின் பெயர்) இரண்டையும் கேட்பதையே நான் விரும்புகிறேன்.

முகவரிக்கும் போர்ட்டுக்கும் 'கனெக்‌ஷன்ப்ராப்பர்ட்டி' என்ற ஃபங்ஷன் உண்டு. 'லோக்கல் நெட் அட்ரஸ்', 'லோக்கல் டிசிபி போர்ட்' என்ற பெயர்களைச் சொற்களுக்கிடையே அடிக்கோடிட்டுக் கொடுக்க வேண்டும். சர்வர் இருக்கும் கணினியிலேயே அமர்ந்து இதை ஓட்டினால், பெரும்பாலும் இரண்டு கட்டங்களிலும் 'நல்' (மதிப்பு இல்லை) என்று மட்டுமே வரும். அதைப் பார்த்துச் சர்வர் பழுதென்று நினைக்க வேண்டாம். உள்ளிருந்தே இணையும்போது எஸ்க்யூஎல் சர்வர் ஷேர்டு மெமரி, அதாவது அதே கணினியின் பகிரப்பட்ட நினைவகம் வழியாகப் பேசுகிறது. அந்த வழியில் ஐபி முகவரியும் இல்லை, போர்ட்டும் இல்லை. அதே ஃபங்ஷனில் 'நெட் டிரான்ஸ்போர்ட்' என்று கேட்டால், எந்த வழி என்பதை அதுவே சொல்லிவிடும். இணைக்கும்போது சர்வர் பெயருக்கு முன்னால் 'டிசிபி' என்று எழுதி முக்காற்புள்ளி இட்டால், நெட்வொர்க் நெறிமுறையான டிசிபி வழியாகவே இணைப்பு செல்லும். அதன்பின் கட்டங்கள் நிரம்பும். போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு டேட்டாபேஸிலும் இதே கதைதான்: யூனிக்ஸ் சாக்கெட் என்ற உள்வழியாக நுழைந்து சர்வர் முகவரியைக் கேட்டால் வெறுமையே மிஞ்சும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் ஷோ வேரியபிள்ஸ் கட்டளையில் போர்ட், பைண்ட் அட்ரஸ் (காத்திருக்கும் முகவரி) இரண்டையும் பார்த்தாலே போதும்.

டிசிபி வழியாக இணையவே முடியவில்லை என்றால், எக்ஸ்பிரஸ் பதிப்பில் அது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை இயக்கி, சர்வீஸை மறுதொடக்கம் செய்ய வேண்டும். 2012 பதிப்பு முதல், சர்வர் எந்தெந்த போர்ட்டுகளில் காத்திருக்கிறது என்பதை 'டிஎம் டிசிபி லிசனர் ஸ்டேட்ஸ்' என்ற சிஸ்டம் வியூவில் (சர்வர் தன் நிலையைக் காட்டும் அட்டவணை) காணலாம். இதற்குச் சர்வர் நிலையைக் காணும் அனுமதி தேவை. அங்கே வழக்கமான 1433 இல்லாமல் ஐந்து இலக்க எண் ஒன்று தென்பட்டால் வியக்க வேண்டியதில்லை. பெயரிட்ட இன்ஸ்டன்ஸ் டைனமிக் போர்ட்டில், அதாவது தொடங்கும்போது தானாகக் கிடைக்கும் எண்ணில், ஓடுவதே இயல்பு; அதைக் கண்டறிந்து சொல்லும் பிரவுசர் சர்வீஸ் யுடிபி என்ற மற்றொரு நெறிமுறையின் 1434 போர்ட்டில் இருக்கும். மறுதொடக்கத்தில் மாறக்கூடிய எண்ணை இரண்டாவது கணினியில் எழுதி வைப்பது வீண் வேலை என்பதால், கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டைனமிக் கட்டத்தைக் காலி செய்து, நிலையான போர்ட் ஒன்றை நானே கொடுத்துவிடுகிறேன்.

கடவுச்சொல்லை மட்டும் எந்தக் குவெரியாலும் பெற முடியாது. சர்வரில் இருப்பது அதன் ஹாஷ் (மூலச் சொல்லைத் திரும்பப் பெற முடியாத மாற்றுருவம்) மட்டுமே. ஆனால் 'சர்வர்ப்ராப்பர்ட்டி'யில் 'இஸ்இன்டக்ரேட்டட்செக்யூரிட்டிஒன்லி' என்று கேட்டு 1 வந்தால், விண்டோஸ் கணக்கு வழியாக மட்டுமே நுழையலாம் என்று பொருள். 0 வந்தால் எஸ்க்யூஎல் கணக்கும் செல்லும். மண்டிக்காரரின் சர்வரில் 0 இருந்ததால், எடைமேடைக் கணினிக்கெனக் குறைந்த அனுமதியுள்ள தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டை மட்டும் உள் நெட்வொர்க்குக்குத் திறந்துவிட்டேன்.