ஆஃப்ரிகான்ஸ் வாக்கிய அமைப்பு: தேர்வுக்குப் படித்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பள்ளியில் சேர்ந்தபோது, டச்சிலிருந்து பிறந்த அந்நாட்டு மொழியான ஆஃப்ரிகான்ஸை முதல் கூடுதல் மொழியாகப் படிக்க வேண்டியிருந்தது. நான், நீ, அவன், அவர்கள் என எல்லோருக்கும் வினை ஒரே வடிவில் நிற்பதைக் கண்டு, இலக்கணம் எளிது என்று எண்ணி, சொற்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு முதல் பருவத் தேர்வுக்குப் போனேன். விடைத்தாளில் சிவப்புக் கோடுகள் பெரும்பாலும் சொற்கள் நின்ற இடத்துக்காகவே விழுந்திருந்தன.

‘நேற்று நான் ஒரு புத்தகம் வாசித்தேன்’ என்பதை ‘ஹிஸ்டர் எக் ஹெட் அ புக் ஹலியஸ்’ என்று எழுதியிருந்தேன். ‘ஹிஸ்டர் ஹெட் எக் அ புக் ஹலியஸ்’ என்பதே சரி. செய்தி சொல்லும் தனி வாக்கியத்தில் காலம் காட்டும் வினை (இங்கே ‘ஹெட்’) இரண்டாம் இடத்தை விட்டு நகராது. முதலிடத்தை ‘நேற்று’ பிடித்துக்கொண்டால் ‘நான்’ ஆகிய ‘எக்’ வினைக்குப் பின்னே போய்விட வேண்டும். ஆங்கில வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியதால் வந்த பிழை அது.

அங்குள்ள பள்ளிகளில் ‘ஸ்டொம்பி’ என்றொரு நினைவுக்குறி சொல்லித் தருவார்கள். எழுவாய், முதல் வினை, காலம், செயப்படுபொருள், விதம், இடம், இரண்டாம் வினை என்று வரிசை போகும்; கடைசியில், இருந்தால், வினையின் மூல வடிவம். துண்டு சிகரெட்டுக்கும் அம்மொழியில் ஏறத்தாழ இதே பெயர் என்பதால் ஒருமுறை கேட்டால் மறக்காது. ஆனால் எழுவாயில் தொடங்கும் வாக்கியத்துக்குத்தான் அது அப்படியே பொருந்தும். அதை மட்டும் நம்பியவர்கள் ‘ஹிஸ்டர்’ என்று தொடங்கும் இடத்தில் என்னைப் போலவே வழுக்கினார்கள்.

வாக்கியங்களை இணைக்கும் கேள்விதான் மதிப்பெண்ணைத் தின்றது. ‘நான் நோயுற்றிருக்கிறேன்’ என்பது ‘எக் இஸ் ஸிக்’. ‘ஏனென்றால்’ எனப் பொருள்படும் ‘வன்ட்’ முன்னால் வந்தால் வரிசை மாறாது: ‘வன்ட் எக் இஸ் ஸிக்’. அதே பொருள் தரும் ‘ஒம்டாட்’ வந்தாலோ வினை கடைசிக்குப் போய்விடும்: ‘ஒம்டாட் எக் ஸிக் இஸ்’. வகுப்பில் பலரும் தடுமாறிய இந்த இடம் எனக்குப் பழகியதாகத் தோன்றியது. ‘நான் நோயுற்றிருப்பதால்’ என்று தமிழிலும் வினை இறுதியில்தானே நிற்கிறது. ‘என்று’ எனப் பொருள்படும் ‘டாட்’ வரும் அயற்கூற்றுக்கும் இதே முறைதான். அதுமுதல் துணைவாக்கியத்தைத் தமிழ் வழியாகவே யோசித்தேன்.

அந்தத் துணைவாக்கியமே முன்னால் வந்துவிட்டால் அது முழுவதும் முதலிடமாகக் கொள்ளப்படும். ‘ஒம்டாட் எக் ஸிக் இஸ், வெர்க் எக் நி’ (நோயுற்றிருப்பதால் நான் வேலை செய்யவில்லை) என்பதில் காற்புள்ளியின் இருபுறமும் இரண்டு வினைகள் முட்டிக்கொண்டு நிற்கும். பிழைபோல் தோன்றினாலும் அதுவே சரி.

கடைசி வரை என்னைப் படுத்தியது துணைவினையின் இடம். ‘வாசித்ததால்’ என்பதில் ‘ஹலியஸ் ஹெட்’ என்று அது பின்னால் வரும். ‘வாசிக்க வேண்டியிருப்பதால்’ என்பதில் ‘முட் லியஸ்’ என்று முன்னால் வரும். இதற்கு எனக்குக் குறுக்குவழி எதுவும் அகப்படவில்லை; இவ்விரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தினமும் பத்து வாக்கியங்களில் எழுதிப் பழகினேன்.

எதிர்மறையில் ‘நி’ இருமுறை வரும்: ‘எக் வெர்க் நி ஹிர் நி’, அதாவது நான் இங்கே வேலை செய்வதில்லை. ‘இங்கே’ என்பதை எடுத்துவிட்டால் இரண்டு ‘நி’யும் அடுத்தடுத்து நிற்க நேரும் என்பதால் ‘எக் வெர்க் நி’ என்று ஒன்றோடு முடிந்துவிடும். தேர்வின் கடைசி ஐந்து நிமிடங்களை இந்த இரண்டாவது ‘நி’யைத் தேடுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன், ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு விடுபட்டிருக்கும்.