உடைந்த பானை ஓடுகளைக் கழுவாதீர்கள்

அகழாய்வுக் குழியிலிருந்து ஓடு வந்ததும் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுவது பல இடங்களில் வழக்கம். தயவுசெய்து எல்லாவற்றையும் கழுவிவிடாதீர்கள். பூச்சு இல்லாத மண்பானையின் நுண்துளைகளில் சமையல் கொழுப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும். எழுத்தை விட்டுச் செல்லாத மக்கள் என்ன சமைத்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி அரிது.

கையுறை அவசியம். வெறும் விரல் பட்டால் நம் தோலின் எண்ணெய்ப்பொருளான ஸ்குவாலீன் ஏறிவிடும். பிளாஸ்டிக் பையிலிருந்து தாலேட் என்ற, பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் வேதிப்பொருள் கசியும், அதனால் அலுமினியத் தாளில் சுற்றுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து மண்ணையும் கொஞ்சம் எடுங்கள். கொதிக்கும்போது கொழுப்பு மேலே மிதக்கும் என்பதால் விளிம்பை ஒட்டிய ஓடுதான் நல்ல மாதிரி. ஆய்வகத்தில் மேற்பரப்பைச் சுரண்டிக் கழித்துவிட்டு, சுமார் 2 கிராம் தூளாக்கினால் போதும்.

ஸ்டீரிக், பால்மிடிக் இரண்டும் கொழுப்பில் உள்ள அமிலங்கள். ஸ்டீரிக் அமிலத்தின் கார்பன் ஐசோடோப்பு மதிப்பு (கனமான கார்பன்-13 எவ்வளவு இருக்கிறது என்ற அளவு) பால்மிடிக் அமிலத்தைவிட ஆயிரத்துக்குச் சுமார் 3 பங்குக்கு மேல் குறைந்திருந்தால், அது பெரும்பாலும் அசைபோடும் விலங்கின் பால், இறைச்சிக் கொழுப்பு அல்ல. வடமேற்குத் துருக்கியில் கி.மு. 7ஆம் ஆயிரத்தாண்டிலேயே பாலைப் பதப்படுத்தினார்கள் என்பது இப்படித்தான் தெரிந்தது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சாக்கோ பள்ளத்தாக்கில், பியூப்லோ என்ற பூர்வகுடிகளின் மூதாதையர் செய்த உருளை ஜாடிகளில் கிடைத்தது வேறு தடயம்: தியோப்ரோமின், அதாவது சாக்லேட்டுக்கு மூலமான கக்காவோ விதையின் அடையாள மூலக்கூறு. 2009இல் வெளிவந்த முடிவு இது. அங்கே கக்காவோ மரம் வளராது. தெற்கே, மெசோஅமெரிக்காவிலிருந்து (மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதி) கக்காவோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணித்து வந்திருக்கிறது! ஆனால் இந்த மூலக்கூறு சாக்லேட் தொட்ட கையிலிருந்தும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வெற்று மாதிரியையும் (ஓட்டுத் தூள் இல்லாமல் அதே முறையில் தயாரித்த ஒப்பீட்டு மாதிரி) சேர்த்துச் சோதிக்காத அறிக்கையை ஏற்காதீர்கள்.