42.5-ஐவிட 39 கடினம்: மூன்று ரப்பர்களோடு மூன்று வாரம்

நேற்று மாலை டேபிள் டென்னிஸில், எதிராளி கனத்த கீழ்ச்சுழலோடு தள்ளிய பந்தை என் மட்டையில் ஒட்டிய ஹரிகேன் 3 ரப்பர் முதன்முறையாக வலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனது. இரண்டு முறை இல்லை, தொடர்ந்து ஏழு முறை. அதுவரை எல்லாம் வலைக்குள்தான்.

மட்டை பழைய ஐந்தடுக்கு மரமே. டெனர்ஜி 05, வேகா யூரோப், ஹரிகேன் 3 மூன்றையும் அதில் மாற்றி மாற்றி ஒட்டினேன். ரப்பரின் அடியிலுள்ள ஸ்பாஞ்ச் எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண்களை நம்பித்தான் முதலில் ஏமாந்தேன். டெனர்ஜிக்கு 36, ஹரிகேனுக்கு 39, வேகாவுக்கு 42.5. அப்படியானால் வேகாதான் கல் என்று நினைத்தேன். கட்டைவிரலால் அழுத்தினால் வேகா இட்லிபோல் அமுங்குகிறது, ஹரிகேன் அசைந்துகொடுக்கவில்லை. டெனர்ஜிக்கு ஜப்பான், ஹரிகேனுக்குச் சீனா, வேகாவுக்கு ஜெர்மனி எனத் தனித்தனி அளவுகோல்கள். சீனத்து 39, ஜெர்மன் கணக்கில் 50-ஐ ஒட்டி வரும் என்கிறார்கள். என் விரலும் அதையே சொல்கிறது.

பேக்ஹேண்டில் வேகாவுக்கே என் ஓட்டு. பிளாக் செய்யும்போது பந்து ஒரு கணம் உள்ளே உட்கார்ந்து வெளியேறும். ஓங்கி அடித்தால் மட்டும் ஸ்பாஞ்ச் முழுவதும் அமுங்கி மரம் இடிக்கிறது. டெனர்ஜி சோம்பேறிக் கைக்கும் வேகம் தரும். விலை எனக்குக் கட்டாது. ஹரிகேன் இலவசமாக எதையும் தராது. இடுப்பிலிருந்து வீச்சு வந்தால்தான் பந்தைக் கவ்வும். என் சமையலறைத் தராசில் வேகாவைவிட 8 கிராம் கூடுதல். முதல் வாரம் முழங்கை அதை எண்ணிக்காட்டியது.

ஆனால் என்னைப் படுத்தியது ஒட்டும் வேலைதான். சென்னையில் ஐப்பசி மழைக்காற்றில் நீர்ப்பசை எங்கே காய்கிறது? பத்து நிமிடம் என்ற குறிப்பை நம்பி ஒட்டியதில், மறுநாள் கைப்பிடிப் பக்கம் வாய் பிளந்திருந்தது. உரித்தேன், பசைத்தோலை விரலால் உருட்டி எடுத்தேன், மறுபடி ஒட்டினேன், மறுபடி பிளந்தது. மூன்றாம் முறை மின்விசிறியின் கீழ் நாற்பது நிமிடம். மேலே தெளிந்தாலும் ஸ்பாஞ்சின் துளைகளில் காயாத பசையின் பால்வெள்ளை ஒளிந்திருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அது மறையும்வரை தொடவில்லை. பசையைக் கூடுதலாகப் பூசியும் பயனில்லை, ரப்பர், ஸ்பாஞ்ச், பசை எல்லாம் சேர்த்துத்தான் 4 மி.மீ. தடிமன் வரம்பு.

கூடத்துப் பெரியவர் ஒருவர், "தம்பி, 2008-க்கு முன்னால் ஸ்பீட் க்ளூவைத் தடவினால் சத்தமே வேறு" என்று தினமும் பெருமூச்சு விடுகிறார். பின்னர் தடைசெய்யப்பட்ட அந்த வேகம் கூட்டும் பசையின் கரைப்பான் வாசம் நுரையீரலுக்கு என்ன செய்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ரப்பர் அனுப்பிய கடைக்காரர் பாதுகாப்புத் தாளை மறந்துவிட்டார். பிசுபிசுப்பான மேற்பரப்பில் பையின் பஞ்செல்லாம் ஒட்டுகிறது. பழைய புத்தக அட்டையின் பிளாஸ்டிக்கை வெட்டிப் போட்டிருக்கிறேன். அடுத்து 37 டிகிரி ஹரிகேன் வாங்கும் எண்ணம். விளிம்பு டேப் இன்னும் ஒட்டவில்லை, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.