ஹோமியோபதிப் பயிற்சி: ஒரு மாதம் அலையவிட்ட கேஸ் நோட்டு

பதிவுச் சான்றிதழ் போன வாரம்தான் கைக்கு வந்தது. தேர்வுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உடற்கூறியல் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். மருந்துகளின் குணங்களைச் சொல்லும் பாடமான மெட்டீரியா மெடிக்காவில் ஒன்றுபோலத் தோன்றும் மருந்துகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டுப் படித்தால் மனதில் நிற்கும். என்னைப் படுத்தியெடுத்தது கேஸ் நோட்டுதான்.

பயிற்சியில் பார்த்த ஒவ்வொரு நோயாளியின் விவரத்துக்கும் மேற்பார்வை மருத்துவரின் கையெழுத்து வேண்டும். கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நோட்டைக் கொடுக்கப் போன அன்று அலுவலக ஊழியர் நான்கு பக்கம் புரட்டிவிட்டு, "11 கேஸுக்குக் கையெழுத்தே இல்லை" என்று திருப்பித் தந்துவிட்டார். என்ன செய்யலாம் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. கையெழுத்திட வேண்டிய மருத்துவரோ வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். தேடிப் போனால் அன்று விடுப்பு. ஒரு நாள் வீண். போகுமுன் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் முறை ஆள் கிடைத்தார். ஆனால் 11 கேஸையும் வரிவரியாகப் படித்து, நான்கை அடித்துவிட்டார். ஒன்றில் 'கடும் தலைவலி' என்று மட்டும் எழுதியிருந்தேன். "எந்தப் பக்கம்? எத்தனை மணிக்கு? எதனால் கூடுகிறது? அந்த அம்மா என்ன வார்த்தை சொன்னார்?" எதற்கும் என்னிடம் பதில் இல்லை. நோயாளியைக் குறுக்கிடாமல் பேசவிடு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுது, ஒவ்வொரு நோய்க்குறிக்கும் புது வரி தொடங்கி இடம் விடு, ஆம் இல்லை என்று முடியும் கேள்வி கேட்காதே: எல்லாம் ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன் தன் 'ஆர்கனான்' நூலில் 83 முதல் 104 வரையுள்ள பத்திகளில் எழுதியதுதான். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன். ஓபியில் கூட்டம் சேர்ந்ததும் மறந்துவிட்டேன்.

பழைய பக்கத்தைப் பூசி மெழுகிக் கொடுத்துவிடு என்று நண்பர்கள் சொன்னார்கள். மனம் வரவில்லை. அந்த நால்வரும் மறுபடி வந்தபோது புதிதாகக் கேட்டு எழுதினேன். தலைவலிக்காரம்மாவிடம் "வலியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். வலது பக்கம்தான், சாயங்காலம் 4 மணிக்கு மேல் கூடி 8 மணிக்குள் அடங்கும் என்று அவரே சொன்னார். முன்பு, எந்தக் குறிக்கு எந்த மருந்துகள் என்று பட்டியலிடும் நூலான ரெபர்டரியில் பொதுவாகத் தலைவலி என்று தேடி மருந்துப் பட்டியலில் மூழ்கிப்போன எனக்கு, இப்போது இந்தப் பக்கத்துக்கும் நேரத்துக்கும் பொருந்துவதாகச் சொல்லப்படும் லைக்கோபோடியம் என்ற மருந்து முன்னால் வந்து நின்றது. அன்று அடைந்த சந்தோஷம் தேர்வு முடிவு வந்தபோதுகூட இல்லை.

இன்னொன்று. திடீரென வரும் கடுமையான தலைவலி, கை கால் மரத்துப்போதல், நெஞ்சுவலி என்று யாராவது வந்தால் ரெபர்டரியைத் திறக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள். எப்போது அனுப்ப வேண்டும் என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே மூத்தவர்களிடம் நச்சரித்தாவது கற்றுக்கொள்ளுங்கள்.

கையெழுத்தைக் கேஸ் முடிந்த அன்றே, தேதியோடு வாங்குங்கள். நான் மூன்றாம் முறை போனபோது அதே ஊழியர் ஒவ்வொரு பக்கமாக எண்ணினார். எண்ணி முடித்து, ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தினார்.