எதை விட்டனீர்?

எங்கள் பாடசாலையில் சித்திரம் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. செய்து முடித்ததைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால், சித்திர ஆசிரியர் நல்லாயிருக்கு என்றோ இல்லை என்றோ உடனே சொல்லமாட்டார். "முதல் என்ன செய்ய நினைச்சனீர்? இதுக்காக எதை விட்டனீர்?" என்று கேட்பார். பதில் வரும்வரை புள்ளி போடமாட்டார். கொப்பியின் பின்பக்கத்தில் கிறுக்கி அழித்தவற்றையும் காட்டச் சொல்வார். முன்பக்கத்துப் படத்தைவிட அந்தப் பின்பக்கங்களைத்தான் அவர் கூடுதல் நேரம் பார்த்தார்.

இந்த மலருக்கு எழுதும்படி எங்கள் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, விளையாட்டுப் போட்டிகளையும் பரிசளிப்பு விழாக்களையும் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அந்தச் சித்திர அறையைப் பற்றி நான் எழுதுகிறேன் என்றேன். தளபாடங்கள் வடிவமைப்பதே இன்று என் தொழில். அந்த அறையில் பழகியதை வைத்துத்தான் இன்றுவரை வேலை செய்கிறேன்.

வகுப்புத் தோழன் ஒருவன் செய்ததைச் சொன்னால் ஆசிரியரின் கேள்வி எதற்காக என்பது புரியும். பென்சில் சீவும்போது விழுமே சுருள்கள், அவற்றை ஒரு தவணை முழுக்க வகுப்பில் எல்லோரிடமும் வாங்கிச் சேர்த்தான். ஒவ்வொரு சுருளின் ஓரத்திலும் பென்சிலின் வர்ணம் மெல்லிய கோடாக ஓடும். சிவப்பு, நீலம், மஞ்சள். அவற்றை ஒரு பெரிய அட்டையில் வரிசை வரிசையாக ஒட்டிக் கொண்டுவந்தான். மேலே உள்ள வரிசைகள் ஒல்லியாக இருந்தன. கீழே போகப் போக தடித்து, கடைசி வரிசை அட்டைக்கு வெளியே பிதுங்கி நின்றது. பார்த்த எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கேள்வி வந்தது. முதலில் ஒரு பறவை செய்யத்தான் நினைத்தானாம். சுருள்கள் சிறகு போலவே இருக்கும், ஒட்டினால் அழகாக வரும். ஆனால் கிழமைக்கு ஒரு பையாகச் சேர்த்து வைத்திருந்தவன், ஒட்டுவதற்காகப் பைகளைப் பிரித்து அடுக்கியபோது, சோதனைக் கிழமையின் பை மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு பெருத்திருந்ததைக் கண்டான். அந்தக் கிழமை எல்லோரும் திரும்பத் திரும்பப் பென்சிலைக் கூராக்கியிருக்கிறோம். அப்புறம் பறவையை விட்டுவிட்டான். ஒரு கிழமைக்கு ஒரு வரிசை, அவ்வளவுதான். அவன் சொல்லி முடித்தபின் அந்த அட்டையை மறுபடி பார்த்தோம். எங்கள் வகுப்பின் சோதனைப் பயம் முழுவதும் அங்கே ஒட்டியிருந்தது.

கலையை விளக்கக்கூடாது, விளக்கினால் உயிர் போய்விடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயப்படுவது எதற்கு என்று எனக்கும் தெரியும். கண்காட்சிகளில் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பு அட்டைகளில் பாதி, பெரிய பெரிய சொற்களால் படத்தை மறைத்துவிடுகின்றன. ஆனால் என் தோழன் செய்தது வேறு. அட்டைக்கு என்ன அர்த்தம் என்று அவன் எங்களுக்குச் சொல்லவில்லை. தான் எந்த வழியால் வந்தான், எந்த இடத்தில் திரும்பினான் என்று மட்டும் சொன்னான். அந்த வழி தெரிந்தவர்கள் அதே வழியால் இன்னும் தூரம் போகலாம். வழியைச் சொல்பவர்கள்மேல் எனக்கு இருக்கும் மதிப்பு அதனால்தான்.

நெதர்லாந்துக் கலைஞர் தியோ யான்சன் அப்படி ஒருவர். மின்கம்பிகளைச் செலுத்தப் பயன்படும் மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்களைக் கொண்டு, காற்று வீசினால் கடற்கரையில் தானே நடந்துபோகும் பெரிய உருவங்களை 1990இலிருந்து செய்துவருகிறார். இயந்திரப் பொறியும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. கடல்மட்டம் உயர்ந்தால் நாட்டைக் காக்க மணல்மேடுகள் உயரவேண்டும்; மணலைக் கிளறி மேட்டுக்குச் சேர்க்கும் விலங்குகளைச் செய்தால் என்ன என்று ஒரு பத்திரிகைப் பத்தியில் அவர் எழுதியதில்தான் எல்லாம் தொடங்கியது.

இதில் கடினமான இடம் கால். ஓர் அச்சு சுற்றும்போது பாதம் தரையில் நேர்கோட்டில் நகரவேண்டும், இல்லாவிட்டால் உடல் மேலும் கீழும் குதிக்கும். தரையை விட்டதும் சட்டென்று உயர்ந்து முன்னால் வரவேண்டும். அதற்குக் குழாய்த் துண்டுகளின் நீளங்கள் ஒன்றுக்கொன்று சரியான விகிதத்தில் இருந்தாக வேண்டும். சாத்தியங்கள் எண்ணில் அடங்காதவை. யான்சன் தன் அட்டாரி கணினியில் 1,500 கால்களை மனம்போன நீளங்களில் உருவாக்கி, அவற்றில் நன்றாக நடந்த 100ஐத் தேர்ந்து, அந்த நூற்றின் அளவுகளைக் கலந்து மீண்டும் 1,500 கால்களை உருவாக்கவிட்டார். கணினி இரவும் பகலுமாக இதையே செய்துகொண்டிருந்தது. அந்த வழியில் அவர் வந்து சேர்ந்தது 11 எண்களில். முதல் எண் 38, அடுத்தது 41.5, இப்படியே போகும். அவற்றைப் புனித எண்கள் என்கிறார்.

அந்த எண்களைப் பூட்டி வைத்திருக்கலாம். அவரோ வெளியிட்டுவிட்டார். உலகெங்கும் மாணவர்களும் பொழுதுபோக்காகச் செய்பவர்களும் அவற்றை எடுத்து மரத்திலும் அட்டையிலும் உலோகத்திலும் நடக்கும் கால்கள் செய்கிறார்கள். தன் விலங்குகள் இனப்பெருக்கம் செய்வது இப்படித்தான் என்பது யான்சனின் பார்வை. ஓய்வுபெற்ற உருவங்களை அவர் புதைபடிவங்கள் என்றுதான் அழைக்கிறார். எது நடக்காமல் போனது, அடுத்ததில் என்ன மாறியது என்பதை அவற்றில் பார்க்கலாம். எங்கள் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு இவ்வளவு முழுமையாகப் பதில் வைத்திருக்கும் இன்னொருவரை நான் அறியேன்.

கணவன் மனைவியாகச் சேர்ந்து வேலை செய்த கலைஞர்கள் கிறிஸ்டோவும் ஜான்-குளோடும் போன வழி வேறு. பேர்லினில் உள்ள ரைக்ஸ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடத்தை முழுதாகத் துணியால் போர்த்தவேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு 1971இல் வந்தது. அனுமதி கிடைத்தது 1994இல். ஜேர்மன் நாடாளுமன்றம் இதற்கென விவாதம் நடத்தி, 292க்கு 223 என்று வாக்களித்தது. 1995 ஜூன் 24இலிருந்து இரண்டே கிழமைகள், ஒரு லட்சம் சதுர மீற்றர் துணியும் 15.6 கிலோமீற்றர் கயிறும் அந்தக் கட்டடத்தைச் சுற்றி இருந்தன. ஐம்பது லட்சம் பேர் பார்த்தார்கள். நுழைவுக்கட்டணம் இல்லை, விளம்பரதாரரும் இல்லை. பணம் எங்கிருந்து வந்தது? வேலைக்கு முன் கிறிஸ்டோ வரைந்த ஆயத்த வரைபடங்களையும் ஒட்டுப்படங்களையும் விற்றதிலிருந்து. வேலை நிறைவேறியபின் அதைப் பற்றி அவர் ஒரு கோடுகூட வரையமாட்டார். ஆக, விலைக்குப் போனது யோசித்த தடம். முடிந்த வேலையை எல்லோரும் இலவசமாகப் பார்த்தார்கள். வாடிக்கையாளருக்கு நான் முடிந்த வடிவத்தோடு கழித்த வரைபடங்களையும் காட்டுவது இவர்களைப் பற்றி அறிந்தபின் இன்னும் கூடியது.

அமெரிக்கரான சோல் லெவிட் சுவர் ஓவியங்களை அறிவுறுத்தல்களாகவே எழுதிவைத்தார். கோடு இழுப்பது யாராகவும் இருக்கலாம். அவர் 2007இல் மறைந்தார். அடுத்த வருடமே அவருடைய 105 சுவர் ஓவியங்கள் அமெரிக்காவில் ஒரே அருங்காட்சியகத்தில், மற்றவர்களின் கைகளால் வரையப்பட்டுத் திறக்கப்பட்டன.

இவர்களில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானவர் அமெரிக்கக் கலைஞர் மியர்ல் லாடர்மன் யூக்கலீஸ். முதற்குழந்தை 1968இல் பிறந்தபின், நாள் முழுக்கக் கழுவுவதும் துடைப்பதுமாக இருந்த அவர், கலை செய்ய எனக்கு நேரம் எங்கே என்று யோசித்து, அடுத்த வருடம் ஓர் அறிக்கை எழுதினார். பராமரிப்பு வேலைதான் இனி என் கலை என்பது அதன் சாரம். பிறகு நியூயோர்க் நகரத் துப்புரவுத் துறையின் கலைஞராகச் சேர்ந்து, 1979இலும் 1980இலுமாக அந்த நகரின் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களையும் தேடிப்போய், ஒவ்வொருவரின் கையையும் குலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி என்றார். அந்த அறிக்கையைப் படிக்காதவருக்கு இது வெறும் மரியாதைச் சந்திப்பாகத் தெரியலாம். படித்தவருக்கு, ஒரு தாயின் சமையலறையிலிருந்து ஒரு நகரத்தின் குப்பை வண்டிவரை நீளும் ஒரே யோசனை தெரியும்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. எங்களுக்குள் மரவேலை செய்பவர்கள், தைப்பவர்கள், மண்பாண்டம் வனைபவர்கள், இசையமைப்பவர்கள், விளையாட்டாகக் கருவிகள் கண்டுபிடிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் தெரிகிறது. அடுத்த மலரில் அவர்களுக்குச் சில பக்கங்கள் ஒதுக்குங்கள். முடிந்த பொருளின் படம் ஒன்று போதும். மீதி இடம் முழுக்க, அதற்கு முன் கீறிய தாள்கள், கைவிட்ட மாதிரிகள், ஏன் கைவிட்டார்கள் என்பது. வழவழப்பாக எழுதத் தேவையில்லை. கைப்பட எழுதிய குறிப்பைப் படம்பிடித்து அனுப்பினாலும் சரி, தட்டச்சு செய்து பக்கம் அமைக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.