ரகுநாதாச்சாரி கண்ட நட்சத்திரம் பினாங்கிலிருந்து பிடிபட்டது

தை பிறந்தால் பினாங்கு வானம் தெளியும் என்று காத்திருந்து பார்த்தது ஆர் ரெட்டிகுலியை. சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் கண்டுபிடித்த மாறொளி நட்சத்திரம், அதாவது ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் அது. 1872இல் லண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன நிகழ்வு என்று சாதாரண மக்களுக்குப் புரியவைக்க இந்திய மொழிகளில் சிறுநூல் கொண்டுவந்தார். இவ்வளவு செய்தவரின் பெயரைப் பள்ளியில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை, எனக்கு அது பெரிய ஆதங்கம்.

சரி, இடத்துக்கு வருவோம். ஜார்ஜ்டவுன் வெளிச்சத்தில் வேலைக்காகாது. தெற்கே கடல் திறந்து கிடக்கும் தெலுக் கும்பாருக்குப் போய், இரவு பத்து மணி தாண்டியதும் 50 மி.மீ. பைனாகுலரை முக்காலியில் மாட்டினேன். இந்த நட்சத்திரம் சென்னையில் அதிகபட்சம் ஏறுவதே தொடுவானத்திலிருந்து 14 பாகைதான், இங்கே ஏறக்குறைய 22. அந்த 8 பாகையில் எவ்வளவு புழுதியும் ஈரமும் கழிகிறது என்பது தாழ்வான நட்சத்திரத்தைத் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்!

அகத்திய நட்சத்திரத்துக்கும் ஆக்கெர்நார் என்ற பிரகாசமான நட்சத்திரத்துக்கும் நடுவில், கொஞ்சம் கீழே, அதே ரெட்டிகுலம் விண்மீன் குழுவின் பிரகாசமான நட்சத்திரம் ஆல்ஃபா ரெட்டிகுலி இருக்கிறது. அங்கிருந்து அகத்தியர் இருக்கும் கிழக்குப் பக்கம் 2 பாகை நகர்ந்தால் போதும், ஆல்ஃபாவும் ஆர் ரெட்டிகுலியும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். லேசான செம்மஞ்சள் புள்ளி. நட்சத்திரங்களின் ஒளியளவு (எண் சிறிதானால் ஒளி அதிகம்) குறித்திருக்கும் வரைபடத்தை வைத்து, பக்கத்திலுள்ள இரண்டு நட்சத்திரங்களின் ஒளிக்கு இடையில் நிறுத்தி மதிப்பிட்டு 7.8 என்று எழுதிக்கொண்டேன். அந்த ஒளியளவுக் கணக்கை, அதாவது ஐந்து படி வித்தியாசம் என்றால் நூறு மடங்கு ஒளி என்பதை, 1856இல் முன்வைத்த நார்மன் போக்சன்தான் பின்னாளில் ரகுநாதாச்சாரிக்கு மேலதிகாரி. போக்சன் பெயர் வானியல் பாடநூல்களில் இருக்கிறது.

இதன் ஒளி ஏறி இறங்க சுமார் ஒன்பது மாதம் ஆகும், அதனால் உச்சம் வருடா வருடம் ஒரே மாதத்தில் விழாது. மங்கும் காலத்தில் 50 மி.மீ. பைனாகுலரில் சுத்தமாகத் தெரியாது, வானம் தெளிவாக இருந்தும் பயனில்லை. உச்சத்தை முன்கூட்டியே கணக்குப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மார்ச் வரை முன்னிரவில் எட்டும் உயரத்தில் இருக்கும், அதுவரை விடாமல் மதிப்பிட்டு ஒளிமாற்றக் கோடு வரையப் போகிறேன். கோலாலம்பூர் பக்கம் தெற்கு வானம் மறைக்காத இடம் வைத்திருப்பவர்களும் பார்த்து எழுதினால் இரண்டு பேர் கணக்கையும் ஒப்பிடலாம், அங்கே இன்னும் 2 பாகை உயரம் கூடுதல்.