ஜாக் ஜான்சனின் தற்காப்பு: ஐந்து வாரம் பழகிப் பார்த்ததில்

முதல் வாரம் கிளவுஸைத் தொடவே இல்லை. படம் பார்ப்பதிலேயே போனது. 1908 டிசம்பர் 26, சிட்னி, அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சன் அப்போதைய சாம்பியன் டாமி பர்ன்ஸுடன் மோதிய சண்டை. ஹெவிவெயிட் உலகப் பட்டம் முதன்முதலாக ஒரு கறுப்பின வீரரிடம் வந்தது அன்றுதான். பதினான்காவது ரவுண்டில் போலீஸ் சண்டையை நிறுத்தியது, கேமராவையும் நிறுத்த வைத்தது. பர்ன்ஸ் முழுசாகத் தோற்றுப்போகும் அந்தக் கணம் படத்தில் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் மனசு கனத்துவிடுகிறது.

அப்புறம் 1910 ஜூலை 4, அமெரிக்காவின் ரீனோ. வெள்ளையரான முன்னாள் சாம்பியன் ஜிம் ஜெஃப்ரிஸை ஓய்விலிருந்து அழைத்து வந்து ஜான்சனுக்கு எதிரே நிறுத்தினார்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இருவரும் நெருங்கி நிற்கும்போது ஜான்சனின் இடது உள்ளங்கை ஜெஃப்ரிஸின் வலது புஜத்தில், முழங்கைக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கிறது. ஜெஃப்ரிஸின் தோள் அசைந்ததும் அந்தக் கை லேசாக ஒரு தள்ளு தள்ளுகிறது. குத்து கிளம்பிய இடத்திலேயே செத்துப்போகிறது.

இரண்டாம் வாரம் தம்பியை எதிரே நிற்க வைத்து மொட்டை மாடியில் முயன்றேன். இன்றைய பதினாறு அவுன்ஸ் கிளவுஸில் உள்ளங்கையை விரிக்கவே முடியவில்லை. அந்தக் காலத்து கிளவுஸ் சிறியது, மெல்லியது. அதனால் வெறுங்கையோடு, மெதுவாகத் தொடங்கினோம். "அண்ணே, கை கிளம்பவே மாட்டேங்குது" என்றான். அந்தச் சந்தோஷத்தில் அவன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை வந்து நேராக மூக்கில் விழுந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து கண்ணை அவன் நெஞ்சில் வைக்கிறேன். கை செய்வதை உள்ளங்கையே சொல்லிவிடுகிறது.

ஜான்சன் அடிக்காமல் காத்திருப்பதைச் சோம்பேறித்தனம் என்று எழுதிய பத்திரிகைகள் உண்டு. அவருக்கு முன்னால் இதே போல ஒதுங்கி ஆடிய வெள்ளையரான ஜிம் கார்பெட்டை மட்டும் புத்திசாலி என்று கொண்டாடினார்கள். அதே கார்பெட் ரீனோவில் ஜெஃப்ரிஸின் ஆளாக அவர் பக்க மூலையில் நின்று ஜான்சனை ஏசிக்கொண்டிருந்தார். ஜான்சன் சண்டைக்கு நடுவிலேயே அவருக்குப் பதில் சொன்னார். பதினைந்தாவது ரவுண்டில் ஜெஃப்ரிஸ் விழுந்தார். அதற்கு முன் அவர் எந்தச் சண்டையிலும் விழுந்ததே இல்லை.

சோம்பேறித்தனம் என்று சொன்னவர்கள் இதை ஒரு ரவுண்டு செய்து பார்த்திருக்க வேண்டும். ஐந்தாம் வாரம் மூன்று நிமிட ரவுண்டு மூன்று முடித்தேன். மறுநாள் சட்டை மாட்டக் கை தூக்க முடியவில்லை. 1915-ல் ஹவானாவில், 37 வயதில், தன்னைவிட உயரமான ஜெஸ் வில்லார்டிடம் பட்டத்தை இழந்தபோதும் இருபத்தாறாவது ரவுண்டு வரை நின்றிருக்கிறார் மனுஷன்.

இப்போதைக்கு வலது கையைத் தடுக்க வருகிறது, இடது கை இன்னும் நழுவுகிறது. அடுத்து, புஜத்தைப் பிடித்தபடியே வலது கையால் அப்பர்கட், அதாவது கீழிருந்து மேலே விடும் குத்து. அதற்குத் தம்பிக்கு ஹெட்கார்டு வாங்க வேண்டும்.